மூன்று முறை இழுத்தால்

பேய் இருட்டில்தான் வரும் என்று நம்புகிறவர்கள் நம்பட்டும். எனக்கு நடந்தது பட்டப்பகலில். செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு இருபத்தைந்துக்குத் தொடங்கி, மூன்று மணி ஆவதற்குள் முடிந்துவிட்டது. வானத்தில் மேகம்கூட இல்லை. ஒரு வார்த்தையும் கூட்டிச் சொல்லவில்லை, அல்லாஹ் மேல் ஆணை.

என் பெயர் ரபானியா. ஊர் தோரோ மிலா, கடலுக்குள் கம்பம் நட்டு வீடு கட்டியிருக்கிற தீவு. என் வீட்டுக்காரர் சஃபார் கடல் அட்டைக்கு முங்குகிறவர். படகில் உட்கார்ந்து அவருடைய காற்றுக் குழாயைப் பிடித்துக்கொள்வதும், கைக்கடிகாரத்தில் நேரம் பார்ப்பதும் என் வேலை. ஒன்பது வருடமாக அதைத்தான் செய்கிறேன். டயருக்குக் காற்றடிக்கிற கம்ப்ரசர்தான் எங்களுக்கும். அதிலிருந்து நீளமாக ஒரு பிளாஸ்டிக் குழாய் போகும். இடுப்பில் ஒரு சுற்று சுற்றி, நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு இறங்குவார்கள். கீழே பேச முடியாது. குழாயை இழுத்துத்தான் சேதி. ஒரு முறை இழுத்தால் நன்றாக இருக்கிறேன். இரண்டு முறை என்றால் இன்னும் குழாய் விடு. மூன்று முறை என்றால் என்னை மேலே தூக்கு.

எங்கள் கம்ப்ரசரில் இரண்டு குழாய்கள். சிவப்பு சஃபாருக்கு. மஞ்சள் அர்வினுக்கு.

அர்வினை எனக்குப் பிடிக்காது. எங்கிருந்தோ வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. முந்தைய படகை ஏன் விட்டான் என்று யாருக்கும் தெரியாது. முகம் பார்த்துப் பேச மாட்டான். ஞாயிற்றுக்கிழமை படகுத்துறையில் சஃபாரோடு வாக்குவாதம் செய்தான். கிழக்குப் பாருக்கு, அந்தக் கடலடிப் பாறைத் திட்டுக்கு, போக வேண்டாமாம். ஏன் என்று கேட்டால், அங்கே சரியில்லை என்று கேள்விப்பட்டேன் என்றான். அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. அந்த இடத்தை அவன் தன் ஆட்களுக்கு ஒதுக்கி வைக்கப் பார்க்கிறான் என்று வீட்டுக்கு வந்து சொன்னேன்.

சஃபார் சிரித்தார். "உனக்கு யாரைத்தான் புடிச்சிருக்கு? என்னையே கட்டி ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் புடிச்சுது."

செவ்வாய்க்கிழமை அந்தப் பாருக்கே போனோம். ஆழம் பதினெட்டு பாகம்; இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம். மதியம் ஒன்று ஐம்பதுக்கு இருவரும் இறங்கினார்கள். நான் இரண்டு குழாயையும் தொடையில் போட்டுக்கொண்டு, காலையில் கட்டிவந்த மரவள்ளிக்கிழங்குப் புட்டைச் சுட்ட மீனோடு தின்றேன். இரண்டு இடத்தில் குமிழி வந்துகொண்டிருந்தது. எல்லாம் வழக்கம்போல.

இரண்டு இருபத்தைந்து. அர்வின் மட்டும் மேலே வந்தான்.

கையில் இரண்டு வலைப்பைகள். ஒன்று அவனுடையது. இன்னொன்று சஃபாருடையது.

என் வீட்டுக்காரர் பையை யாரிடமும் கொடுக்கிறவர் இல்லை. "அவர் எங்க?" என்று கேட்டேன். கீழேதான் இருக்கிறார், அவராகத்தான் பையைக் கொடுத்தார் என்றான். அதைச் சொல்லும்போது அவன் என்னைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்தான். பற்கள் கிடுகிடுத்தன. அந்த வெயிலில் எதற்கு நடுங்குகிறான்?

சிவப்புக் குழாயை ஒரு முறை இழுத்துக் கேட்டேன்.

பதில் வந்தது. ஒரே ஒரு இழுப்பு.

எனக்கு மூச்சு திரும்பியது. ஆனால் ஏதோ சரியில்லை. சஃபாருடைய இழுப்பு எனக்குத் தெரியும். வெடுக்கென்று இருக்கும், அவருடைய கோபம் மாதிரி. இது மெதுவாக இருந்தது... கிணற்றில் வாளி இறங்குவது போல.

இரண்டு முப்பத்தொன்று. இரண்டு இழுப்பு. விட்டேன்.

இரண்டு முப்பத்தாறு. மறுபடி இரண்டு. விட்டேன். குழாய் கிழக்கே போனது. நீரோட்டம் மேற்கே. அதற்கு எதிராக ஏன் போகிறார்?

"விடாதீங்க அக்கா," என்றான் அர்வின். "இனி கொழாய் விடாதீங்க."

காற்று எட்டாமல் என் புருஷன் செத்துப்போக வேண்டும் என்கிறான். அப்படித்தான் எனக்குப் பட்டது. மீன் அறுக்கிற கத்தி பக்கத்திலேயே கிடந்தது. எடுத்து அவன் பக்கம் நீட்டினேன். "அந்தப் பக்கமே உக்காரு. கிட்ட வந்தா குத்திடுவேன்." அவன் கையைத் தூக்கிக்கொண்டு முன்பக்கம் போய் உட்கார்ந்தான்.

இரண்டு நாற்பத்து மூன்று. கவனித்தேன்.

அதுவரை வந்துகொண்டிருந்த குமிழி இல்லை.

கீழே ஒரு ஆள் மூச்சு விட்டால் குமிழி வரும். குழாய் வாயிலிருந்து நழுவிவிட்டாலோ தண்ணீர் சோறு பொங்குவது மாதிரிப் பொங்கும். கம்ப்ரசர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. டக் டக் டக் என்று காற்றைத் தள்ளிக்கொண்டுதான் இருந்தது. அவ்வளவு காற்றையும் யாரோ உள்ளே வாங்கிக்கொண்டிருந்தார்கள். திருப்பி விடவில்லை.

இரண்டு நாற்பத்து நான்கு. மேற்குப் பக்கம் தண்ணீர் உடைந்தது. ஒரு தலை. இருமல். என் வீட்டுக்காரர்.

வாயில் குழாய் இல்லை. உதடு கிழிந்து ரத்தம். ஈயக்கட்டி கோத்த பெல்ட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒரே மூச்சில் மேலே வந்திருக்கிறார். அர்வினும் நானும் சேர்ந்துதான் அவரை உள்ளே இழுத்துப் போட்டோம். மூச்சு வந்ததும் அவர் செய்த முதல் காரியம், அர்வின் சட்டையைப் பிடித்தது.

"கொழாயப் புடுங்கிட்டியேடா."

பாறை விளிம்புக்கு அடியில் தலையைக் கொடுத்து அட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாராம். பின்னாலிருந்து ஒரு கை வந்து, இடுப்புச் சுற்றை அவிழ்த்து, வாயிலிருந்து குழாயைப் பிடுங்கியதாம். நிதானமாக. மனிதக் கைதானாம்.

"அவன் இல்ல," என்றேன். "அவன் இருவது நிமிஷமா என் கண்ணு முன்னாடி இருக்கான்."

சஃபார் என்னைப் பார்த்தார். பிறகு வலைப்பையைப் பார்த்தார். அதைக் கீழே பாறை மேல் வைத்திருந்ததாகச் சொன்னார். யாரிடமும் கொடுக்கவில்லையாம். குழாய் கேட்டு ஒரு முறைகூட இழுக்கவும் இல்லையாம்.

அர்வின் அழ ஆரம்பித்தான்.

"நீங்கதான் அண்ணே குடுத்தீங்க. உங்க மொகம்தான். சிரிச்சீங்க..." முகத்தைத் துடைத்துக்கொண்டான். "வாயில கொழாய் இல்ல."

அந்த நேரம் பார்த்து என் கையில் ஒரு இழுப்பு.

மெதுவாக. ஒன்று.

நன்றாக இருக்கிறேன்.

மூன்று பேரும் படகில் இருந்தோம். சிவப்புக் குழாய் என் கையில் இருந்தது. டக் டக் டக்...

இரண்டு நாற்பத்தேழு. மூன்று இழுப்பு.

மேலே தூக்கு.

வேறு ஊர் முங்காளி எவனாவது காற்றில்லாமல் மாட்டிக்கொண்டிருப்பானோ என்றார் சஃபார். குழாயை அறுத்தால் அது கொலை. அது எங்கள் மூவருக்கும் தெரியும். அவர் என்னிடமிருந்து குழாயை வாங்கி இரண்டு கை இழுத்தார். கனமாக இருந்தது. பிறகு கனம் குறைந்தது. கீழே இருப்பது குழாயைப் பிடித்துத் தானே ஏறி வந்தது.

நான் எட்டிப் பார்த்தேன்.

மூன்று பாகம் கீழே... தண்ணீர் கண்ணாடி மாதிரி.

ஒரு கை. அடுத்த கை. ஒரு கை.

நீலச் சட்டை. இடது தோளில் வெள்ளை நூல். அந்தத் தையலை முந்தின நாள் நான்தான் போட்டேன்.

திரும்பினேன். அதே சட்டை. அதே தையல். சஃபார் என் பக்கத்தில் குழாயை இழுத்துக்கொண்டிருந்தார்.

தண்ணீருக்குள் முகம் நிமிர்ந்தது.

அறுத்தேன்.

படகிலிருந்த முனை சீறியது. கடல் பக்கத்து முனை விழவில்லை. விளிம்பில் ஒரு நொடி நின்றது. பிறகு மெதுவாக, ஒரே சீராக, உள்ளே போனது.

இரண்டு நாற்பத்தொன்பது.

வீடு வந்து சேர்வதற்குள் சஃபாருடைய இடது கால் மரத்துப்போனது. ஆழத்திலிருந்து சட்டென்று ஏறினால் அப்படித்தான். எங்கள் ஊரில் அதற்கு இருக்கிற ஒரே வைத்தியம், உடனே அதே ஆழத்துக்கு மறுபடி இறங்குவது. நான் விடவில்லை. வீட்டுக் கம்பத்தோடு கட்டிப்போடாத குறையாகப் பிடித்துவைத்தேன். வியாழக்கிழமை வந்த கம்பவுண்டர் இரண்டு ஊசி போட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். கால் இன்றுவரை இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. அர்வின் அந்த வாரமே ஊரை விட்டுப் போய்விட்டான். கத்தி நீட்டியதற்கு அவனிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது வேறு. ஒருவேளை நான் பார்த்தது பொய்யோ? உயிரோடு தொங்கிய ஒருவனை அறுத்துவிட்டேனோ?

பன்னிரண்டு நாள் கழித்து, நாங்களும் அந்தப் பாருக்குப் போனதைக் கேள்விப்பட்டு, ஒரு பெண் படகில் வந்தாள். பெயர் சித்தாரா. மூன்று தீவு தள்ளி அவள் ஊர். அவளும் என்னைப் போலத் தன் புருஷனுக்குக் குழாய் பிடித்தவள். நாங்கள் போனதற்கு மறுநாள், புதன்கிழமை, அதே பாறை விளிம்புக்கு அடியிலிருந்து அவள் புருஷன் பிணத்தை எடுத்திருக்கிறார்கள். செத்து நான்கைந்து நாளாவது இருக்கும் என்று கம்பவுண்டர் சொன்னாராம். அவர் அந்தப் பாரில் முங்கியது எங்களுக்கு முந்தின வெள்ளிக்கிழமை.

எனக்குப் பாரம் இறங்கியது மாதிரி இருந்தது. செத்தவரை யாரும் கொல்ல முடியாது. அப்படியானால் நான் கொலைகாரி இல்லை. நடந்ததையெல்லாம் அவளிடம் சொன்னேன். மூன்று முறை இழுத்ததையும், நான் அறுத்ததையும்.

அவள் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"நீங்க அறுத்துட்டீங்க," என்றாள். "வெள்ளிக்கிழமை எனக்கும் மூணு தடவை இழுத்துச்சு. நான் மேல தூக்கிட்டேன்."

எனக்குப் புரியவில்லை. பிணம் புதன்கிழமைதானே கிடைத்தது என்றேன்.

"ஆமா." குரல் மிகவும் தணிந்திருந்தது. "வெள்ளிக்கிழமை மேல வந்தாரு. என்கூட வீட்டுக்கு வந்தாரு. திங்கக்கிழமை சாயங்காலம் வரைக்கும் இருந்தாரு. சாப்பிடல. பேசல. சிரிச்சுக்கிட்டே இருந்தாரு. அப்புறம் வீட்டுப் படி வழியாக் கடல் தண்ணியில எறங்கிப் போயிட்டாரு."

வெளியே அவளுடைய படகுக்காரன் கூப்பிட்டான். எழுந்தாள். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"அவரு படுத்த பாயை மறுநாளே வெயில்ல போட்டேன் அக்கா. இன்னும் காயல."