மரவட்டைக் கால்களுக்கு எண்ணெய்

தியாகராசன் யாரைப் பார்த்தாலும் முதலில் பார்ப்பது விரல் நகத்தைத்தான். நகத்தில் அழுக்கு இருந்தால் அந்த ஆள் ஒரு மெஷினைத் தொட லாயக்கில்லாதவன். நகம் சுத்தமாக இருந்தால் அவன் வேலையே செய்யாதவன். ஆக எப்படிப் பார்த்தாலும் எதிரே நிற்பவன் உருப்படாதவன் என்று முடிவாகிவிடும். இந்தப் பரீட்சையில் காரைக்காலில் தேறிய ஒரே ஆள் தியாகராசன்தான், ஏனென்றால் அவர் தன் நகத்தை மட்டும் பார்த்துக்கொண்டதே இல்லை.

குரும்பகரத்தில் நெல் விளையும் வீட்டில் பிறந்தவர். சேற்றில் கால் வைப்பது மட்டமான வேலை என்று சின்ன வயதிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கும்பகோணத்துக்கு ஓடிப்போனார். அங்கே டைப்ரைட்டர் ரிப்பேர் கற்றுக்கொண்டு எழுபதுகளின் தொடக்கத்தில் திரும்பி வந்தார். அதற்கப்புறம் காரைக்காலில் டைப்ரைட்டர் மக்கர் செய்தால் தியாகராசன்தான். கோர்ட்டு, கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ், டைப்பிங் இன்ஸ்டிட்யூட், பிரெஞ்சு பென்ஷன்காரர்களுக்கு மனு அடித்துக் கொடுப்பவர்களிடம் இருந்த எழுத்து வரிசை மாறிய பழைய பிரெஞ்சு மெஷின்கள், எல்லாவற்றின் வயிற்றையும் திறந்து பார்த்தவர் அவர். சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா செருகும் இடத்தில் மஞ்சள் பிடி போட்ட ஒரு ஸ்க்ரூ டிரைவர் நிமிர்ந்து நிற்கும்.

வைத்தியம் என்னவோ ஒன்றே ஒன்றுதான். இந்த ஊர்க் காற்றில் உப்பு இருக்கிறது. இரும்பை இரண்டு மழைக்காலம் சும்மா விட்டால் துரு தின்றுவிடும். அதனால் தையல் மெஷின் எண்ணெயில் கோழி இறகைத் தோய்த்து ஒவ்வொரு மூட்டிலும் ஒரு தடவு. டைப்ரைட்டர் அதற்குக் கட்டுப்பட்டது. ஊர் அவரை ‘மெஷின் டாக்டர்’ என்று கூப்பிட ஆரம்பித்தது. கூப்பிட்டவர்களையும் அவர் மதித்ததில்லை. முறுக்குத் தின்ற கையோடு டைப் அடிக்கிற ஜென்மங்கள் கொடுத்த பட்டம்தானே என்பார். ஆனால் பட்டத்தைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை.

எண்பத்தேழில் இறால் ஏற்றுமதி செய்யும் அமிர்தலிங்கம் முதலாளி மெட்ராஸிலிருந்து ஒரு கம்ப்யூட்டரை வாங்கிவந்தார். காரைக்கால்மேட்டு ஏலத்தில் எடுத்த இறாலுக்கான கப்பல் காகிதங்களை அதில் அடித்தால் வெளிநாட்டுக்காரன் மதிப்பான் என்று யாரோ அவர் காதில் ஓதியிருந்தார்கள். அதற்கென்று தனி அறை, தனி ஏசி. இறாலுக்கு ஐஸ், பெட்டிக்கு ஏசி, மனுஷனுக்கு மட்டும் கைவிசிறி என்று பியூன் முத்தையன் வாய்விட்டே சொன்னான். பெட்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே? ஊரில் இருக்கும் ஒரே டாக்டரைக் கூப்பிட்டார்கள்.

தியாகராசன் வந்து மூடியைக் கழற்றினார். பல் சக்கரம் இல்லை, ஸ்பிரிங் இல்லை. பச்சை அட்டையில் வரிசை வரிசையாகக் கறுப்பாக என்னமோ படுத்திருந்தது, இரண்டு பக்கமும் பொடிப்பொடியாகக் கால்களோடு.

“என்னம்மா இது? மரவட்டை மாதிரி?” என்றார்.

“அதுதாங்க சார் மெமரி. நாம அடிக்கிறதெல்லாம் முதல்ல அதுலதான் போயி நிக்கும்” என்றாள் மெஹர் பானு.

மெஹர் பானு அந்தப் பெட்டியை இயக்குவதற்காகப் பாண்டிச்சேரிக்குப் போய்ப் பயிற்சி எடுத்து வந்தவள். அவள் தெருவில் ஆபீஸ் வேலைக்குப் போன முதல் பெண். வாப்பா மௌத்தான பிறகு குடும்பத்துக்குப் பெரியவர் அவளுடைய மாமா. அவர் சம்மதிக்க உம்மா அழாத அழுகை இல்லை. கடைசியில் ஒரு நிபந்தனையோடு விட்டார். ஆபீஸிலிருந்து ஒரு பேச்சு, ஒரு குறை வந்தாலும் அன்றோடு வாசல் தாண்டக் கூடாது. இது ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். தியாகராசனுக்கும் தெரியும். அவர் அவளுடைய நகங்களைப் பார்த்தார். சுத்தமாக இருந்தன. சரி, வேலை செய்யாத கை என்று மனசுக்குள் எழுதிவைத்துக்கொண்டார்.

மரவட்டைகளின் கால்கள் தகரம் போலப் பளபளத்தன. இந்த ஊர்க் காற்றில் இது எத்தனை நாளைக்கு? மெட்ராஸில் ஏசிக்குள் உட்கார்ந்து மெஷின் செய்கிறவனுக்குக் கடற்கரை தெரியுமா? தியாகராசனுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கேட்டைத் திறந்துவிட்ட முத்தையனைத் தவிர ஆபீஸில் யாருமில்லாதபோது அறையைத் திறந்தார். சாவி அவரிடம்தான் இருந்தது. கோழி இறகை எடுத்தார். ஒவ்வொரு மரவட்டையையும் நெம்பி எடுத்து, கால்களில் எண்ணெய் தடவி, திரும்ப வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். அத்தனையும் முடித்து மூடியைப் பூட்டியபோது, பெற்ற பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துவிட்ட திருப்தி.

ஒரு மாதம் போல நன்றாகத்தான் ஓடியது. பிறகு ஒரு நாள் பாதி காகிதம் அடித்துக்கொண்டிருக்கும்போது திரை அப்படியே நின்றுவிட்டது. மேலே ‘பாரிட்டி செக்’ என்று இரண்டு வார்த்தை. மெமரியில் போட்டதும் அதிலிருந்து எடுத்ததும் ஒத்துப்போகவில்லை என்று பெட்டி சொல்லும் முறை அது. சொல்லிவிட்டு மண்ணாகிவிடும். அடித்ததெல்லாம் போச்சு. அணைத்துத் திரும்பப் போட்டால் ஓடும், பிறகு மறுபடி நிற்கும்.

தியாகராசன் வந்தார். எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். எண்ணெய் போட்டு அழுத்தினார். பெட்டி இரண்டு நாள் ஒழுங்காக ஓடியது. பார்த்தீர்களா என்று அவர் மீசையைத் தடவிக்கொண்டார். உண்மையில் கொஞ்ச நேரத்துக்குக் குணமாக்கியது அவருடைய கட்டைவிரல், கெடுத்தது எண்ணெய். ஏசி இழுத்துவரும் தூசியும் வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகையும் அந்த எண்ணெயில் ஒட்டி, கால்களைச் சுற்றிப் பிசினாக ஏறிக்கொண்டிருந்தன. பெட்டி நிற்க நிற்க அவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து எண்ணெயைக் கூட்டினார். அவர் எண்ணெயைக் கூட்டக் கூட்டப் பெட்டி அடிக்கடி நின்றது. இந்த லட்சணத்தில் அவருக்குத் தன் வைத்தியத்தின் மேல் ஒவ்வொரு தடவையும் நம்பிக்கை அதிகமானதுதான் கூத்து.

மெஹர் பானு டிரங்க் கால் போட்டு மெட்ராஸ் கம்பெனியில் விசாரித்தாள். அவர்கள் சொன்னதை அவரிடம் வந்து சொன்னாள்.

“சார், ஒரு வரிசைய எடுத்து இன்னொரு வரிசையில மாத்திப் போட்டுப் பாக்கச் சொல்றாங்க. தப்பு அது கூடவே போச்சுன்னா அந்தச் சில்லு, அதான் அந்த மரவட்டை, கெட்டிருக்குன்னு அர்த்தமாம். போகலன்னா வேற எடத்துல பாக்கணுமாம்.”

“போன்லயே நாடி புடிச்சுப் பாத்துட்டானா அவன்?” என்றார் தியாகராசன். “நான் மெஷினத் தொட ஆரம்பிச்சப்ப நீ பொறக்கவே இல்ல. போயி உன் வேலையப் பாரு.”

அவருக்கு மெஷின் மேல் சந்தேகம் வரவில்லை. தன் மேல் வருமா என்ன? மிச்சமிருந்தது ஒரே ஆள். எங்கேயோ ஒரு துண்டுக் காகிதத்தில், உடம்பு மின்சாரம் பட்டால் சில்லு செத்துவிடும் என்று படித்திருந்தார். அன்றைக்கு அவள் நைலான் புடவை கட்டி வந்திருந்தாள். போதாதா? ஆபீஸ் நடுவில் நின்று நைலானைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தார். மறுநாள் அவள் பருத்திப் புடவையில் வந்தாள். பெட்டி நின்றது. வளையல் என்றார். அவள் வளையலைக் கழற்றி வைத்தாள். பெட்டி நின்றது. படித்த காகிதம் தீர்ந்துபோனதும் அவருக்குப் பழைய வார்த்தை கை கொடுத்தது. கைராசி.

ஒரு கப்பலுக்கான காகிதம் பாதியில் போய், சரக்கு துறைமுகத்தில் தங்கி, அமிர்தலிங்கம் முதலாளி வெறி பிடித்தவர் போலக் கத்திக்கொண்டிருந்த நாளில் அதைச் சொன்னார்.

“பொட்டியில ஒண்ணுமில்லிங்க. சிலரு கைக்கு மெஷின் ஓடாது. இந்தப் பொண்ணு ஒக்காந்திருக்கிற வரைக்கும் இது இப்படித்தான் இருக்கும்.”

மெஹர் பானு எழுந்து நின்றாள். இரண்டு கைகளையும் அவர் முன்னால் நீட்டினாள். “என் கையில என்ன சார் இருக்கு? பாத்துச் சொல்லுங்க.”

“ஒண்ணும் இல்ல. அதத்தான் சொல்றேன். வேலை செய்யற கை இவ்வளவு சுத்தமா இருக்காது.”

யாரோ சிரித்தார்கள். அவள் பையை எடுத்துக்கொண்டு போனாள். விஷயம் அவளுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது. மாமா சத்தம் போடவில்லை. “சொன்னேன்ல” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலைவாசல் கதவைச் சாத்தினாராம். அதைக் கேட்ட தியாகராசனுக்கு ஒரு வாய்ச் சோறுகூடக் குறையவில்லை. அவ்வளவு லேசான மனசு அவருக்கு.

நாற்காலியில் முதலாளியின் மைத்துனன் செல்லக்கண்ணு வந்து உட்கார்ந்தான். ஆண்பிள்ளைக் கை, நைலான் இல்லை, வளையல் இல்லை. முதல் வாரத்திலேயே பெட்டி அவனிடமும் ‘பாரிட்டி செக்’ என்றது. இரண்டாவது வாரம் தினமும் சொன்னது. தியாகராசன் கரண்டைக் குறை சொன்னார், வாசலில் கொட்டும் மீன் தண்ணீரைக் குறை சொன்னார், காரைக்கால்மேட்டுக் காற்றையே குறை சொன்னார். முதலாளி அவர் பேச்சு முடியும் வரை காத்திருக்காமல் மெட்ராஸுக்குப் போன் போட்டார்.

இன்ஜினியர் ஒரு ஒல்லிப் பையன் போல இருந்தான். தியாகராசன் நகத்தைப் பார்த்தார். வெண்ணெய் போல இருந்தது. வந்து சேர்ந்தான்யா ஒரு வேலையத்தவன் என்று முத்தையன் காதில் சொன்னார்.

அவன் எந்த வரிசையில் தப்பு என்று காட்டும் ஒரு சோதனையை ஓட்டிப் பார்த்து, வரிசைகளை மாற்றிப் போட்டான். தப்பு இடம் மாறியது. இன்னொரு தடவை மாற்றினான். இப்போது முற்றிலும் சம்பந்தமில்லாத இடத்தில் தப்பு வந்தது. அவன் கன்னத்தைச் சொறிந்தான். “சில்லு கெட்டிருந்தா தப்பு அதோடயே நகரணும். இது ஊரெல்லாம் அலையுதே” என்றான். ஒரு மரவட்டையை நெம்பி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். வெள்ளைக் கைக்குட்டையால் கால்களைத் துடைத்தான். கைக்குட்டையில் பழுப்பாக ஒரு கோடு விழுந்தது. மோந்து பார்த்தான்.

“இதுல எண்ணெய் போட்டது யாரு?”

தியாகராசனுக்குக் காது மடல் சுட்டது. வாயைத் திறந்தால் ஏதாவது சமாளித்துவிடலாம், எத்தனையோ ஆபீஸில் சமாளித்தவர்தான். அதற்குள் டீ கொண்டுவந்த முத்தையன் கள்ளமில்லாமல் சொன்னான்:

“எங்க டாக்டருதாங்க. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம கோழி எறகோட வருவாரு. நான்தான் கேட்டத் தொறந்துவிடுவேன்.”

இன்ஜினியர் சிரித்த சிரிப்பில் டீ சிந்தியது. அன்று சாயங்காலம் வரை உட்கார்ந்து ஒவ்வொரு காலையும் ஸ்பிரிட்டில் கழுவி வைத்தான். மறுநாள் முழுக்கப் பெட்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை. அதற்கு மறுநாளும் நிற்கவில்லை.

முதலாளி திட்டியிருந்தால் தியாகராசன் தாங்கியிருப்பார். முதலாளி திட்டவில்லை. இத்தனை காலம் ‘வாங்க டாக்டர்’ என்று கூப்பிட்ட வாய், “நீயே போயி அந்தப் பொண்ணக் கூட்டிக்கிட்டு வா” என்றது. அவ்வளவுதான்.

அவர் போனபோது மெஹர் பானு முன்னறையில் தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். அது கிறீச்சிட்டது. கேட்டதும் அவர் கை தானாகத் துறுதுறுத்தது. மாமா சாய்வு நாற்காலியில் இருந்தார். உம்மா கதவுக்குப் பின்னால் நின்றார்.

“முதலாளி வரச் சொன்னாரும்மா. பொட்டி சரியாயிடுச்சு. எல்லாம் இந்த உப்புக் காத்து பண்ண வேலை.”

அவள் மிதிப்பதை நிறுத்தினாள். முத்தையன் வாய் எவ்வளவு பெரியது என்பதை அவர் யோசிக்காமல் வந்துவிட்டார்.

“உப்புக் காத்துக்கு நீங்க என்ன மருந்து போட்டீங்க சார்?”

அவர் கண் தையல் மெஷின் பக்கம் போனது.

“எனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். ஆனா நீங்க வந்து சொன்னாத்தான் மாமா நம்புவாங்க. பொட்டி நின்னதுக்கு யாரு கை காரணம்?”

இப்படி ஒரு கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. திரும்பிப் போய்விடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. போனால் முதலாளி முகத்தில் எப்படி விழிப்பது? அதற்குமேல் அந்தப் பெண் கையை நீட்டிக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது, வாழ்க்கையில் முதல் தடவையாக.

“என் கைதாங்க” என்றார், மாமாவைப் பார்த்து. “பொண்ணு மேல ஒரு தப்பும் இல்லிங்க.”

மாமா தொண்டையைச் செருமினார். “அப்ப போயிட்டு வாம்மா” என்றார்.

“திங்கக்கெழம வரேன் சார்” என்றாள் மெஹர் பானு. “அந்த ரூம் சாவியும் ஸ்க்ரூ டிரைவரும் இங்கயே இருக்கட்டும்.”

அவர் சாவியை வைத்தார். சட்டைப் பையிலிருந்து மஞ்சள் பிடியை உருவி அதன் பக்கத்தில் வைத்தார். கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பும்போது அவள் அலமாரியிலிருந்து ஒரு சின்ன எண்ணெய்க் குப்பியை எடுத்து நீட்டினாள்.

“போறதுக்கு முன்னாடி இந்தத் தையல் மெஷினுக்கு ரெண்டு சொட்டு விட்டுட்டுப் போங்க சார். இதுக்கு நீங்கதான டாக்டரு.”

தியாகராசன் குனிந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு மூட்டாகத் தேடித் தேடி எண்ணெய் விட்டார். சக்கரத்தைச் சுற்றினார், கிறீச்சுச் சத்தம் அடங்கியது. நிமிர்ந்தபோது மெஹர் பானு ஸ்டூலில் உட்கார்ந்து அவருடைய விரல் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.