மயிலாப்பூர், தி.நகர், அடையாறு: நஸ்ரீன் மறுபடி வரைந்த சனிக்கிழமை

என் சிநேகிதி நஸ்ரீன் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியை. போன வருடம் அவளுக்கு பக்கவாதம் வந்தது. நடை திரும்பிவிட்டது, வலது கை விரல்களில் மட்டும் பென்சில் நிற்கவில்லை. ஜூனில் வேலைக்கு வரச்சொல்லிப் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். வருகிற திங்கட்கிழமை போன் செய்து, 'என்னால் முடியாது' என்று சொல்லிவிடப்போவதாக இருந்தாள். அதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை மட்டும் என்னோடு ஊர் சுற்ற வா என்றேன். நான் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே கவிதை எழுதுகிறவள்; எழுதிப் பல மாதமாகியிருந்தது. அதனால் இந்தப் பயணம் எனக்கும் தேவைப்பட்டது.

மந்தைவெளியில் அவள் வீட்டிலிருந்து காலை ஆறரைக்குக் கிளம்பினோம். மயிலாப்பூர் தெற்கு மாட வீதிக்கு நடந்தே போகலாம், ஒரு கிலோமீட்டர்தான். மே மாதத்தில் போகிறவர்கள் எட்டு மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள், பிறகு வெயில் தாங்காது. கோயில் குளக்கரையில் உட்கார்ந்து, 'வாசலில் அழகான கோலம்' என்று எழுதி அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

"அழகுன்னு சொன்னா எனக்கு ஒண்ணும் தெரியல கலா. அங்க என்ன இருக்கு, அதைச் சொல்லு" என்றாள்.

கொஞ்சம் கோபம் வந்தது. ஆனாலும் எழுந்து போய் மறுபடி பார்த்தேன். ஈரம் காயாத வாசல். கோலத்தின் மேல் ஒரு சைக்கிள் ஏறிப் போயிருந்தது. சக்கரத்தில் ஒட்டிய மாவு அடுத்த வீட்டைத் தாண்டி, அதற்கடுத்த வீட்டையும் தாண்டி, விட்டுவிட்டு ஒரு வெள்ளைக் கோடாகப் போய் மறைந்தது. அதை அப்படியே எழுதினேன். பல மாதம் கழித்து நான் எழுதிய முதல் நல்ல வரிகள் அவை.

இட்லி சாப்பிட்டுவிட்டு தி.நகர் பாண்டி பஜாருக்கு ஆட்டோ பிடித்தோம், நூற்று இருபது ரூபாய். அகலமான நடைபாதை, உட்காரப் பெஞ்சு, கடைகள் ஷட்டரைத் தூக்கும் நேரம். ஒரு துணிக்கடைப் பெண் தலையில்லாத பொம்மையை இடுப்பில் வைத்துத் தூக்கிவந்து, வாசலில் நிறுத்தி, புடவை கொசுவிக்கொண்டிருந்தாள். நஸ்ரீன் சட்டென்று என் பேனாவை இடது கையில் வாங்கி வரையத் தொடங்கினாள். பாதியில் தாளைக் கிழித்துக் கசக்கிவிட்டாள். எல்.கே.ஜி. பிள்ளை கிறுக்கியதுபோல் இருக்கிறதாம். வீட்டுக்குப் போகலாம் என்றாள். போனோம். மதியம் முழுக்க அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கிடந்தாள்.

நாலு மணிக்கு நானே வற்புறுத்தி அடையாறு உடைந்த பாலத்துக்குக் கூட்டிப்போனேன். ஆட்டோ நூற்று ஐம்பது. கடைசிக் கொஞ்ச தூரம் மணலில் நடக்கவேண்டும். என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஆறு கடலில் சேரும் இடத்தில் கொக்குகள் நின்றன. படகு நிழலில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா எங்கள் தாளைப் பார்த்துவிட்டு, படம் போடுகிறவர்களா என்று கேட்டார். என் சிநேகிதி ஓவிய டீச்சர் என்று சொன்னேன். அப்படியானால் என்னைப் போடு என்றார். கை சரியில்லை என்று நஸ்ரீன் மறுத்தாள்.

"அந்தக் கை சரியில்லன்னா இந்தக் கை சும்மாத்தானே கீது? போடும்மா, நான் ஆடாம குந்தினுகிறேன்."

சொன்னபடியே வலையைக் கீழே வைத்துவிட்டு அசையாமல் உட்கார்ந்தார். நஸ்ரீனுக்கு வேறு வழியில்லை. மெதுவாக, கோட்டுக்குக் கோடு நிறுத்தி வரைந்தாள். இந்தமுறை கிழிக்கவில்லை. அந்த அம்மா தாளை வாங்கி, தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"மூக்கு கோணிக்கினு கீது. ஆனா நான்தான்."

வாங்கியதைத் திருப்பித் தரவேயில்லை. பக்கத்துப் படகில் இருந்த தன் நாத்தனாரிடம் காட்டக் கொண்டுபோய்விட்டார். நஸ்ரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். திரும்பும் வழியில், ஆட்டோவிலிருந்தே தலைமையாசிரியைக்கு போன் செய்து, ஜூனில் வருகிறேன், இடது கையால்தான் வரைவேன் என்றாள். சிக்னல் இரைச்சலில் அதை இரண்டு தடவை உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு அது ஊருக்கே அறிவித்ததுபோல் பெருமையாக இருந்தது.

இப்படி ஒரு நாள் போக நினைப்பவர்களுக்கு: தண்ணீரும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள். பாலத்தடியில் இருட்டும்வரை இருக்கவேண்டாம். கேட்காமல் யாரையும் போட்டோ எடுக்காதீர்கள். முடிந்தால் ஒளிக்காமல் உண்மை சொல்லும் ஒரு சிநேகிதியோடு போங்கள். எழுதவும் வரையவும் எங்கோ மலைக்குப் போகவேண்டும் என்று நானும் நினைத்திருந்தேன். என் ஊரே போதும்.

பள்ளி திறந்ததும் நஸ்ரீன் தன் ஆறாம் வகுப்பை இடது கையால் யானை வரையச் சொன்னாள். அவளும் உட்கார்ந்து வரைந்தாள். எல்லாவற்றையும் பெயரில்லாமல் சுவரில் ஒட்டி எனக்குப் போட்டோ அனுப்பினாள். அத்தனை கோணல் யானைகளுக்கு நடுவில் அவளுடையது எது என்று எனக்குப் பார்த்தவுடனே தெரிந்தது.