மயில்துத்தக் கையும் லாட்ஜ் வெந்நீரும்

ஓடைப்பட்டித் தோட்டத்தை விட்டு நடந்துகொண்டிருந்தேன். யாரோடும் சண்டை இல்லை. திராட்சைக்கு மருந்தடிக்கும் வேலை. முதுகில் சுமக்கும் மருந்து டேங்கின் வார் அழுத்தி இரண்டு தோளிலும் தோல் உரிந்திருந்தது. சம்பளத்தை வாங்கிப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். எட்டாம் வகுப்பிலிருந்து கிளம்பியதும் இப்படித்தான். பின்னால் வந்த பஸ் சின்னமனூரில் கொண்டுவந்து விட்டது. அங்கிருந்து தேனி. அது தொண்ணூற்றெட்டாம் வருஷமோ தொண்ணூற்றொன்பதோ இருக்கும்.

தேனியில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் ஆள் தேவை என்று அட்டை தொங்கியது. உள்ளே போய்க் கேட்டேன். முதலாளி முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்து விரல் இடுக்கிலும் நகக்கண்ணிலும் நீலமாகப் படிந்து கிடந்தது.

"வெள்ளை வேட்டியத் தொடுற கை தம்பி. காலைல கடை தொறக்கையில சுத்தமான கையோட வா. இல்லைன்னா வேற ஆளப் போட்டுருவேன்."

நிழலில், ஃபேனுக்குக் கீழே நின்று பார்க்கும் வேலை. அதற்குமுன் எனக்கு அப்படி ஒன்று அமைந்ததில்லை. விடுவதாக இல்லை.

நல்ல வெந்நீரும் வாசனைச் சோப்பும் இருந்தால் கறை போய்விடும் என்று கணக்குப் போட்டேன். வழக்கமாக பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் படுக்கிற ஆள், அன்று லாட்ஜுக்குப் போனேன். வாசல் போர்டில் 'இருபத்துநாலு மணி நேரமும் வெந்நீர், கலர் டிவி' என்று எழுதியிருந்தது. தோட்டத்துச் சம்பளத்தில் பெரும்பகுதியை அட்வான்ஸாக மேஜையில் வைத்துச் சாவி வாங்கினேன்.

ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். மெத்தையில் எனக்கு முன்னால் படுத்தவர்கள் எல்லோரும் சேர்ந்து தோண்டிய பள்ளம். டிவியில் கலர் இருந்தது, படம் இல்லை. இதெல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. குழாயைத் திறந்தேன். பச்சைத் தண்ணீர்தான் வந்தது. கீழே இறங்கி மேனேஜரிடம் கேட்டேன்.

"வெந்நி காலைல ஆறு மணிக்கு, ஆளுக்கு ஒரு வாளி," என்றார்.

"போர்டுல இருபத்துநாலு மணி நேரம்னு இருக்கேண்ணே?"

"அது லாட்ஜ் தொறந்தப்ப எழுதுனது."

காலையில் வாளி வந்தது. குறை சொல்ல முடியாத சூடு. சோப்புக் கட்டி பாதியாகத் தேயும்வரை தேய்த்தேன். லாட்ஜ் துண்டாலும் அழுத்தித் துடைத்தேன். துண்டில் லேசாக நீலம் ஏறியதே தவிர, நகக்கண்ணில் இருந்தது அப்படியே இருந்தது. கை மட்டும் வாசனையாக இருந்தது.

தோட்டத்தில் மோட்டார் ரூம் பக்கம் ஒரு சிரட்டையில் எப்போதும் புளிச் சக்கை இருக்கும். மருந்தடித்துவிட்டு வருகிறவர்கள் அதைத்தான் கையில் போட்டுத் தேய்ப்பார்கள். பாத்திரம் விளக்குகிற சாமான் நமக்கு எதற்கு என்று நான் அதைத் தொட்டதே இல்லை. வாளி முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தச் சிரட்டை நினைவுக்கு வந்தது.

லாட்ஜுக்குப் பின்பக்கச் சந்தில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்வாசல். அங்கே ஒரு அம்மா பித்தளை அண்டாவைச் சாய்த்துப் போட்டு விளக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் புளிச் சக்கை, ஒரு சட்டி நிறைய.

"அக்கா, அதுல கொஞ்சம் தர்றீகளா?"

கையைப் பார்த்தார். பிறகு நான் வந்த வழியைப் பார்த்தார்.

"லாட்ஜுல ரூம் போட்ட ஆளுக, புளிச் சக்கைக்கு வந்து நிக்கிறீக."

"அங்கன வெந்நி மட்டுந்தான் குடுத்தாக."

"சும்மா கையத் தேச்சா சக்கை வீணு. இந்த அண்டாவத் தேயிங்க, கையும் அதோட வெளுத்துரும்."

உட்கார்ந்து தேய்த்தேன். உள்பக்கம் முடித்ததும் திருப்பிப் போட்டார், அடிப்பக்கமும் தேய்த்தேன். "தேச்ச வரைக்கும் போதும், ஓடுங்க, எங்க முதலாளி வந்தா உங்களயே வேலைக்கு வச்சுக்கிருவாக," என்று ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிவிட்டார். அண்டா பளபளத்தது. நகக்கண்ணில் கொஞ்சம்கூட நீலம் இல்லை.

சாவியைக் கொடுக்கப் போனபோது மேனேஜர் துண்டை விரித்துப் பார்த்தார். அட்வான்ஸில் எனக்கு வரவேண்டிய மிச்சத்தைத் துண்டுக்கு என்று பிடித்துக்கொண்டார். கடை திறக்கும் நேரம் ஆகிவிட்டதால் நான் நின்று பேசவில்லை.

ஜவுளிக்கடையில் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கியிருந்தார்கள். முதலாளி என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு விரலை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"என்னலே, ரசம் வச்சுட்டு வர்றியா?"

"இல்ல முதலாளி, கழுவுனேன்."

"சரி, உள்ள போ."

வேட்டி அலமாரி இருந்த பக்கமாக நடந்தேன். அவர் கூப்பிட்டு, கடைக்குப் பின்னால் இருந்த குடோனைக் காட்டினார். லுங்கிக் கட்டுகள் பேல் பேலாக வந்து இறங்கியிருந்தன. பிரித்து, உதறி, நிறம் நிறமாக அடுக்க வேண்டும். அங்கே ஃபேன் இல்லை. எல்லாம் புது லுங்கி, தொட்டால் கையில் சாயம் ஒட்டியது. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு முதல் பேலின் கயிற்றை அறுத்தேன்.