பவளப்பாறை முடிந்த இடம்

கடலுக்குள்ளும் மொட்டைமாடி ஓரம் மாதிரி ஓர் இடம் இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை, பிள்ளைகளே.

நான் பெங்களூரில் சின்ன பெயிண்டிங் கான்ட்ராக்டர். ஆள் குறைந்தால் நானே கயிற்றில் தொங்கி இருபது மாடிக் கட்டடத்துக்கும் பெயிண்ட் அடிப்பேன். நிறைய பெயிண்ட் வாங்குகிறவர்களைக் கம்பெனிக்காரர்கள் குடும்பத்தோடு டூர் அழைத்துப்போவது வழக்கம். போன வருடம் அந்தமான் என்றார்கள். ஆறாவது படிக்கும் என் மகள் டால்பினோடு நீந்தியே ஆக வேண்டும் என்றாள். அவளுக்கும் எனக்கும் நீச்சல் தெரியாது. எங்கள் வீடு இருக்கும் ஸ்ரீராம்புரத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து நீச்சல்குளத்துக்குப் போய் இருவரும் ஒரே பேட்சில் கற்றோம். பயம் வந்தால் குளத்தில் காலை ஊன்றிக்கொள்ளலாம். கீழே டைல்ஸ் இருந்தது.

அந்தமானில் இரண்டு நாளும் டால்பின் வரவில்லை. அன்று கடைசி நாள். மனைவி படகிலேயே உட்கார்ந்துகொள்ள, நாங்கள் இருவரும் கடலில் இறங்கினோம். லைஃப் ஜாக்கெட் போட்டு, மூச்சு விடும் குழாயை வாயில் கடித்து, முகத்தைத் தண்ணீரில் கவிழ்த்தோம். கீழே பவளப்பாறை. பச்சை மீன்கள் அதைக் கடிக்கும் சத்தம், முறுக்கு தின்பது போலக் கேட்டது. ஓர் ஆமை எழுந்து நீந்தியது. மகள் அதன் பின்னால் போனாள், நான் மகளின் பின்னால்.

திடீரென்று பாறை முடிந்துவிட்டது. அதற்கப்பால் நீலம், கீழே போகப்போகக் கருநீலம், அப்புறம் ஒன்றுமே இல்லை. ஆமை அதற்குள் இறங்கி மறைந்தது. விழப்போகிறோம் என்றே என் உடம்பு நினைத்தது. கை தானாக இடுப்பில், வேலையில் கயிற்றோடு மாட்டும் பெல்ட் கொக்கியைத் தேடியது. கொக்கியும் இல்லை, கயிறும் இல்லை. என் மகள் அந்த ஓரத்தைத் தாண்டி அந்தரத்தில் மிதந்துகொண்டிருந்தாள். அவள் காலை எட்டிப் பிடித்து இழுத்தேன்.

இருமிக்கொண்டே தலையைத் தூக்கினாள். "கால விடுப்பா. மூக்குல எல்லாம் தண்ணி."

"கீழ ஒண்ணுமே இல்லம்மா."

"தண்ணி இருக்குல்ல?"

நான் விடவில்லை. படகுக்குத் திரும்பலாம் என்றேன். அப்போதுதான் எங்களோடு வந்த வழிகாட்டி, அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர், கையைக் காட்டினார். "அண்ணா, டால்பின் வருது. நாம தொரத்தக் கூடாது. பாப்பா அந்த ஆழத்துல சும்மா மெதந்தா போதும்."

மகள் என் கையைப் பார்த்தாள். நான் வா என்றால் வந்துவிடுவாள். அது தெரிந்ததும் எனக்கு என்னவோ போலாகிவிட்டது. கையை எடுத்துவிட்டேன்.

அவளைத் தனியாக விடவும் முடியவில்லை. நானும் அந்த ஓரத்தைத் தாண்டி முகத்தைக் கவிழ்த்தேன். முதலில் விசில் சத்தம் மண்டைக்குள்ளேயே கேட்டது. பிறகு இருட்டிலிருந்து மூன்று டால்பின்கள் மேலே வந்தன. பொம்மைக்கடை டால்பின் போல இல்லை. ஒவ்வொன்றும் என்னைவிடப் பெரிது, தோலெல்லாம் கீறல். ஒன்று மகளுக்கு அடியில் ஒருக்களித்துத் திரும்பி, ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்துக்கொண்டே போனது. நான் மூச்சு விடவே மறந்துபோனேன்.

படகில் ஏறியும் என் கைநடுக்கம் நிற்கவில்லை. "இருபதாவது மாடில தொங்குறவரு, இங்க வந்து இப்படி நடுங்குறாரே" என்று மனைவி சிரித்தாள்.

மகள் சிரிக்கவில்லை. "அது என்னைப் பாத்துச்சுப்பா" என்று மட்டும் மெதுவாகச் சொன்னாள். அவள் கணுக்காலில் என் விரல்கள் சிவப்பாகப் பதிந்திருந்தன. அம்மா கண்ணில் படாமல் டவலை இழுத்து அதன்மேல் போட்டுக்கொண்டாள்.