அரளிப் பூ சொன்ன ஊர்

கோவளமா, மாமல்லபுரமா என்று என் மகள் ஒரு வாரமாக மொபைலைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். எந்த விடுதிக்கு எத்தனை நட்சத்திரம், எந்தக் குளியலறையில் யார் கரப்பான் பூச்சியைப் பார்த்தார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவளிடம் ஒரு தகவலை மட்டும் நான் சொல்லவில்லை. சொன்னாலும் நம்பமாட்டாள். இதே இரண்டு ஊர்களில் எது என்று ஒருமுறை தெய்வமே முடிவு செய்தது. அதுவும் என் வலது கை வழியாக.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு, இரட்டைப் பின்னல். செம்பாக்கத்தில் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் வீடு. கோடை விடுமுறை என்றால் எங்களுக்கு மாமல்லபுரம்தான். அங்கே அத்தை வீடு இருந்தது. அத்தை அப்பாவுக்கு ஒரே தங்கை, பாசக்காரி. நாங்கள் வாசலில் கால் வைக்கும்போதே அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணி, நீங்க வந்தாதான் எனக்கு ரெஸ்ட்டே" என்பாள். அதில் துளியும் பொய் கிடையாது. நாங்கள் ஊர் திரும்பும்வரை அத்தை ரெஸ்ட் எடுப்பாள். நானும் அண்ணனும் அத்தை பிள்ளைகளோடு மணலில் உருண்டுவிட்டுப் பசிக்கும்போது வீட்டுக்கு வருவோம். தட்டில் சோறு இருக்கும். சோறு எப்படித் தட்டுக்கு வருகிறது என்று யோசிக்கும் வயதில்லை. அந்த வயது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது, கல்யாணத்துக்கு மறுநாள்.

அந்த வருஷம் அப்பாவின் ஆபீஸ் நண்பர் ஒருவர், கோவளத்தில் தன் வீடு சும்மா பூட்டிக் கிடக்கிறது, வேண்டுமானால் போய்த் தங்குங்கள் என்றிருக்கிறார். போகும் எண்ணமெல்லாம் அப்பாவுக்கு இல்லை. சாப்பிடும்போது பேச்சுவாக்கில் சொன்னார், அவ்வளவுதான். அம்மா ரசம் ஊற்றிக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அங்க அடுப்பு இருக்காமா?"

"அதெல்லாம் ஒண்ணும் கிடையாதாம். நாலு பாய், ஒரு தண்ணிப் பானை. பஸ் ஸ்டாண்டுகிட்ட ஒரு அம்மா மீன் குழம்பு சாப்பாடு போடுறாங்களாம், சொல்லி வச்சா வீட்டுக்கே வந்துடுமாம். நமக்கு எதுக்கு அந்த அவஸ்தை?"

"கோவளமே போலாங்க" என்றாள் அம்மா.

அடுப்பில்லாத வீட்டுக்கு ஒருத்தி ஆசைப்படுவாளா என்று நான் திகைத்தேன். அப்பாவும் திகைத்ததாகத்தான் தெரிந்தது. அம்மா எதையும் கேட்டு நாங்கள் பார்த்ததில்லை. புடவைக் கடையில்கூட "எதுவானாலும் சரி" என்பவள். இப்போது அப்பா கல் ரதங்களின் பெருமையை எடுத்துச் சொன்னார். பிள்ளைகளுக்கு வரலாறு தெரிய வேண்டாமா என்றார். போகாவிட்டால் தங்கை மனம் உடைந்துவிடும் என்றார். அண்ணன், கோவளத்தில் கிரிக்கெட் ஆட ஆள் கிடைக்காது என்று தன் துறை சார்ந்த ஆட்சேபத்தைப் பதிவு செய்தான். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அம்மா மறுபடி "கோவளம்" என்றாள். சண்டையாகப் போட்டிருந்தால் அப்பா ஜெயித்திருப்பார். அம்மா சண்டை போடவில்லை. அதனால் வீட்டில் நாலு நாள் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

கடைசியில் அப்பாதான் சொன்னார், பூ கட்டிப் பார்த்துவிடலாம் என்று. எங்கள் வீட்டில் கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் அதுதான் உச்ச நீதிமன்றம். இரண்டு நிறப் பூக்களைத் தனித்தனியாக இலையில் மடித்து, அம்மன் காலடியில் வைத்து, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்ல வேண்டும். வெள்ளை வந்தால் மாமல்லபுரம், சிவப்பு வந்தால் கோவளம் என்று முடிவாயிற்று. அண்ணனுக்கு மீசை அரும்பிவிட்டதால் கள்ளங்கபடமற்ற குழந்தை என்ற பதவி எனக்குக் கிடைத்தது. பக்கத்து வீட்டு மாமரத்தில் ஏறியதற்காக முந்தின நாள்தான் என் காது திருகப்பட்டிருந்தது என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை.

மறுநாள் காலை அப்பா தோட்டத்தில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்க, அம்மா அங்கேயே பூப்பறித்து, சமையலறையில் வைத்து மடித்து எடுத்துக்கொண்டாள். அஸ்தினாபுரம் அம்மன் கோயிலுக்குப் போனோம். பூசாரி இரண்டு பொட்டலங்களையும் தட்டில் குலுக்கி அம்மன் காலடியில் வைத்தார். நான் கண்ணை மூடி, பரீட்சைக்குக்கூட வேண்டாத அளவுக்கு வேண்டிக்கொண்டு, கையை நீட்டினேன். இடப்பக்கம் போன கை தானாக வலப்பக்கம் திரும்பியது. இன்று வரை அந்தத் திருப்பத்துக்கு என்னிடம் விளக்கம் இல்லை.

பூசாரி பிரித்தார். செவ்வரளி.

"இன்னொண்ணையும் பிரிச்சுக் காட்டிடட்டா சார்?"

அம்மா விளக்குச் சுடரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேணாங்க" என்றார் அப்பா. "அதான் உத்தரவாயிடுச்சே."

கோயில் பூவைக் கால்படும் இடத்தில் போடக் கூடாது என்று சொல்லி, அந்த இன்னொரு பொட்டலத்தை அம்மா கைப்பையில் வைத்துக்கொண்டாள். வீடு திரும்பும் வழியில் டெலிபோன் பூத்தில் அப்பா அத்தையைக் கூப்பிட்டார். "நான் என்னம்மா பண்றது? சாமி உத்தரவு" என்று அவர் சொன்னது வெளியே நின்ற எங்களுக்கும் கேட்டது. தெருவுக்குள் நுழைந்ததும், அம்மன் என் கையைப் பிடித்துத் திருப்பிய கதையை வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். எதிர்வீட்டு அக்கா ட்யூஷன் சென்டரைத் தேர்ந்தெடுக்க என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

கோவளத்தில் படகுகள் கரையேறுவதையும் மீன் ஏலத்தையும் பார்த்தபடி அண்ணன் கிரிக்கெட்டை மறந்தான். சாப்பாடு கொண்டு வந்த அம்மாள், "இன்னாக்கா, கொழம்பு நல்லாகீதா?" என்று கேட்டாள்.

"உக்காந்து சாப்பிட்டா எல்லாக் கொழம்பும் நல்லாத்தான் இருக்கு" என்றாள் அம்மா.

சாயங்காலம் அலை வந்து காலைத் தொடும்படி மணலில் உட்கார்ந்திருந்தாள். கையில் கீரை இல்லை, ஊசி நூல் இல்லை, ஒன்றுமே இல்லை. அம்மா ஒன்றும் செய்யாமல் இருந்து அன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறேன். காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கடலில் விடுவதற்காகப் பையிலிருந்து அந்தப் பொட்டலத்தை எடுத்தாள். அதற்குள் நான் அதைப் பிடுங்கிப் பிரித்துவிட்டேன்.

உள்ளே வாடிப்போன செவ்வரளி.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. "அம்மா, வெள்ளைப் பூ சிவப்பாயிடுச்சும்மா."

அம்மா அந்தப் பூவை என் கையிலிருந்து வாங்கி அலையில் விட்டாள். பிறகு, "ஆமாடி. உன் கை ராசி" என்றாள். "அப்பாகிட்ட சொல்லாத. சாமி விஷயம்."

நான் சொல்லவில்லை. தப்பித் தவறி மாமல்லபுரம் வந்துவிடக் கூடாது என்பதற்காக வெள்ளைப் பூவையே அம்மன் மாற்றியிருக்கிறாள்; அதற்குக் கருவியாக என் கை. இந்த ரகசியத்தின் பெருமையைச் சுமந்துகொண்டு அந்த விடுமுறை முழுவதும் யாரோடும் சரிசமமாகப் பேச முடியாமல் திரிந்தேன்.

அப்பாவுக்கு ஆபீஸில் ஆடிட் செக்ஷன். வீட்டுப் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்க்காமல் தெருமுனை தாண்டாதவர். எந்தச் செடியில் எத்தனை பூ என்று காலையில் தண்ணீர் ஊற்றும்போதே சொல்லிவிடுவார். அம்மா பூப்பறித்தபோதும் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அப்பேர்ப்பட்டவர் இரண்டாவது பொட்டலத்தைப் பிரிக்க வேண்டாம் என்று ஏன் சொன்னார்? தங்கையின் மனம் உடைந்துவிடும் என்று அத்தனை நாள் வாதாடியவர், பூத்திலிருந்து வெளியே வந்து அம்மாவைப் பார்த்து ஏன் அப்படிச் சிரித்தார்? அதையெல்லாம் யோசிக்க அப்போது எனக்கு நேரமில்லை. நான் என் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.