பத்து விரலுக்குப் பலூன்

அன்றைக்குக் கிணற்று மேட்டில் அப்பா இருந்தார். காலில் மாவுக்கட்டு, மாடு மிதித்தது. அம்மா இருந்தாள். சித்தப்பா இருந்தார். மோட்டாரின் பீஸ்கட்டையைப் பிடுங்கிக் கையிலேயே வைத்திருந்தார். பக்கத்துத் தோட்டத்து அக்கா இருந்தாள். நான் இருந்தேன். வேறு யாரும் இல்லை.

மேலூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கரண்டு மோட்டார் வைத்து ஒரு வருசம்தான் ஆகியிருந்தது. கிணற்றுக்குள் இறங்கும் குழாயின் அடியில், தண்ணீருக்குள்ளே ஒரு வால்வு இருக்கும். புட்வால்வு என்போம். அதற்குள் குச்சி மாட்டினால் மூடாது. மூடாவிட்டால் மோட்டார் ஓடும், தண்ணீர் ஏறாது. ஒரு ஆள் முங்கித்தான் எடுக்க வேண்டும். அது அப்பா வேலை. அவருக்கு முடியாதபோது நான். சின்னதிலிருந்து முங்குவேன்.

நெல் பால் பிடிக்கிற நேரம். மூன்று நாளாகத் தண்ணீர் இல்லை. வயல் வெடித்திருந்தது. முங்குகிற ஆளுக்குச் சொல்லி அனுப்பினோம். அடுத்த வாரம்தான் வருவானாம்.

எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். மாப்பிள்ளை வீடு அவனியாபுரம். அவருடைய அம்மாவை அத்தை என்று கூப்பிடச் சொல்லியிருந்தார்கள். முந்தின ஞாயிறு அத்தை வந்தபோது ஒரு சிவப்பு நகப்பாலீஷ் புட்டி கொண்டுவந்தார். என் பத்து விரலுக்கும் அவரே போட்டார்.

"ஊரு பூராம் உன்னைய கெணத்துல குதிக்கிற புள்ளன்னு சொல்றாக. எங்க பக்கம் காதுல விழுந்தா நல்லாருக்காது. கல்யாணம் முடியுற வரைக்கும் எறங்கக் கூடாது. வெள்ளிக்கெழம சேல கொண்டுக்கிட்டு வாரேன். இது இப்படியே இருக்கணும்" என்றார்.

சரி என்றேன். அந்தப் பாலீஷ் வீட்டுக் கதவில் அரக்கு முத்திரை வைத்தது மாதிரி. உதிர்ந்தால் தெரிந்துவிடும். தெரிந்தால் கல்யாணம் நிற்கலாம். அம்மா அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நெல்லு போனாப் போகுது. இவ எறங்க வேணாம்."

அப்பா வயலைப் பார்த்தார்.

அக்கா சித்தப்பாவிடம், "நீங்க எறங்குங்களேன்ணே" என்றாள்.

"நான் எறங்குனா அப்புறம் என்னைய எடுக்க ஒரு ஆளு வேணும்ல."

அக்கா வீட்டுக்கு ஓடினாள். அவள் பிள்ளைகளுக்குப் பொங்கலுக்கு வாங்கிய பலூன் மிச்சம் இருந்தது. விரலுக்கு ஒன்றாகப் பத்து மாட்டினாள். காற்றை நீவிவிட்டு அடியில் நூல் சுற்றிக் கட்டினாள். மஞ்சள், பச்சை, ஊதா.

"வெரலு பத்தும் திருவிழாவுக்குக் கெளம்பிருச்சு. போடி" என்றாள்.

அப்பாவின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். தை மாதத் தண்ணீர். எலும்பு வரைக்கும் போனது. குழாயைப் பிடித்துக்கொண்டே அடிக்குப் போனேன். வால்வைச் சுற்றி ஓட்டை ஓட்டையாக இரும்புக் கூடு. ஓட்டைக்குள் விரலை விட்டுத்தான் குச்சியைத் தள்ள வேண்டும். பலூனோடு விரல் நுழையவில்லை. வழுக்கியது. மேலே வந்தேன்.

"பலூனோட ஆகாது" என்றேன்.

"அப்ப ஏறி வந்துரு" என்றாள் அம்மா.

வலது கையில் பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். மூன்று பலூனையும் பல்லால் கடித்துப் பிய்த்தேன். மறுபடி முங்கினேன். குச்சி தட்டுப்பட்டது. பாதி ஒடிந்து வந்தது. மூச்சு முட்டி மேலே வந்தேன். மூன்றாம் தடவை மீதியும் வந்தது. கருவேலங்குச்சி, விரல் நீளம்கூட இல்லை.

குழாயில் பத்து வாளி தண்ணீர் ஊற்றினார்கள். கீழே வடியாமல் நின்றது. சித்தப்பா பீஸ்கட்டையைச் செருகினார். தொட்டியில் தண்ணீர் விழுந்தது. அப்பா வாய்க்காலில் கையை வைத்துப் பார்த்தார்.

நான் கையைப் பார்த்தேன். ஏழு நகம் அப்படியே இருந்தது. இரும்பு உரசி மூன்றில் பாலீஷ் போயிருந்தது.

"சாணி தட்டுறப்ப போச்சுன்னு சொல்லிருவோம்" என்றாள் அம்மா.

வெள்ளிக்கிழமை காலையில் அத்தை வந்தார். சேலையை வைத்துவிட்டு என் கையைத்தான் முதலில் எடுத்தார். வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துப் பார்த்தார்.

"சாணி தட்டுறப்ப…" என்று அம்மா ஆரம்பித்தாள்.

"கெணத்துல எறங்குனேன்" என்றேன். "வயலுக்குத் தண்ணி இல்ல."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். அத்தை கையை விடவில்லை. ஒவ்வொரு நகமாகத் தடவினார்.

"எறங்குனவளுக்கு மத்த ஏழும் எப்படி நின்னுச்சு?"

பெட்டியிலிருந்து பலூன்களை எடுத்துக் காட்டினேன். அத்தை ஒன்றைத் தன் விரலில் மாட்டி இழுத்துப் பார்த்தார். டப்பென்று அடித்தது. கையை உதறினார். வெளியே போய் வயல் பக்கம் பார்த்துவிட்டு வந்தார்.

"நெல்லு தப்பிச்சுருச்சா அண்ணே?" என்று அப்பாவைக் கேட்டார்.

"தப்பிச்சுருச்சும்மா."

அத்தை உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டுக் குடித்தார். அம்மாவைப் பார்த்து, "நான் போட்டது நெலைக்கல. விடுங்க மதினி. மணவறையில அவன் புடிக்கப் போறது சுண்டுவெரலு. அது நல்லாத்தான் இருக்கு" என்றார்.

அம்மா அழுதாள். அத்தை என் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தார்.

"எங்க வீட்டுக் கெணத்துல ரெண்டு வருசமா ஒரு பித்தளக் கொடம் கெடக்கு. எங்க அம்மா குடுத்தது. கொக்கி வச்ச பாதாளக்கொலுசு போட்டுத் தேடியும் மாட்டல. எம்புட்டு ஆழம் போவ?"

"தரை வரைக்கும்."

"கல்யாணம் முடியட்டும். பகல்ல வேணாம். பக்கத்து வீட்டுக்காரி பாத்துருவா."

மறுவீடு முடிந்து நாலாம் நாள், விடியுமுன் அந்தக் குடத்தை எடுத்தேன். அத்தை மேலே நின்று கயிறு விட்டார். பிறகு பக்கத்து வீட்டுக்காரியே தன் கிணற்றில் விழுந்த வாளிக்கு வந்து நின்றாள். தெருவில் மற்றவர்களும் வந்தார்கள். பலூன் மாட்டவில்லை.

அந்தத் தெருக் கிணறுகளில் நான் எடுத்த பாத்திரம் முப்பத்தாறு.