கல்லில் யார் பெயர்

ஆயர் குரோவில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் எனக்கு வேலை. இழப்பீடு கேட்டு மக்கள் எழுதுவதில் எது மெய், எது புளுகு என்று பார்ப்பதுதான் தொழில். கார் களவு போய்விட்டது என்று எழுதியவர் அதே காரில் வந்து இறங்கியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். இப்படியே வருஷக்கணக்கில் உட்கார்ந்திருந்தால் வீட்டிலும் புத்தி அப்படித்தான் ஓடும். பசாரில் மீன்காரர் கூடுதலாகச் சிரித்தால் மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிறவள் நான்.

போன வருஷம் கொள்ளுத்தாத்தாவின் கல்லறைக்குப் புதுக் கல் வைப்போம் என்று ஆரம்பித்ததும் நான்தான். அவர் அப்பாவுக்குத் தாத்தா. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவக் கப்பலேறி வந்தவர். அவரைப் புதைத்திருந்த அந்தத் தோட்டத்தை விற்று வீடமைப்புக் குடியிருப்பு கட்டியபோது, அங்கிருந்த கல்லறைகளைப் பட்டணத்து இடுகாட்டுக்கு மாற்றினார்கள். சொந்தக்காரர்கள் வந்து அடையாளம் காட்ட வேண்டும். யாரும் வராத குழிகளின் எலும்புகள் மொத்தமாக ஒரே குழிக்குள் போய்விடும். அப்பாதான் போய் நின்று, "இவர் எங்க தாத்தா" என்று அடையாளம் காட்டிக் கொண்டுவந்தார்.

கல்லில் பெயரோடு இறந்த தேதியும் போடலாம் என்றேன். அப்பா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"பேரு மட்டும் இருந்தா போதும்லா. தேதியெல்லாம் எதுக்கு?"

தேதி வேண்டாம் என்கிறவர்கள்மேல் எனக்கு எப்போதும் ஒரு கண் உண்டு. பதிவிலாகாவுக்குப் போய், காத்துக் கிடந்து, கொள்ளுத்தாத்தாவின் இறப்புப் பதிவைத் தேடி எடுத்தேன். அவர் பெயர், அவர் தகப்பன் பெயர், பிறந்த ஊர் மூன்றும் பொருந்தின. இறந்த இடம்தான் பொருந்தவில்லை. தோட்டம் இல்லை, ரெம்பியா என்ற வேறு ஊர் இருந்தது. தேதியும் அப்பா பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு; வீட்டுப் பேச்சிலோ அவர் அப்பா பிறப்பதற்கு முன்பே போய்விட்டவர். சாவைத் தெரிவித்தவர் மகன் என்று போட்டு ஒரு பெயர் இருந்தது. அது என் தாத்தாவின் பெயரில்லை.

காரில் உட்கார்ந்து யோசித்தேன். அப்படியென்றால் இத்தனை வருஷமாக நாங்கள் சூடம் ஏற்றிக் கும்பிடுவது யாரை? கல்லறையை அடையாளம் காட்டியவர்களுக்குப் புது வீடமைப்பில் முதலில் வீடு கிடைக்கும் என்று அந்த நாளில் ஒரு பேச்சு இருந்தது எனக்கு நினைவுக்கு வந்தது. நாங்கள் குடியிருக்கும் வீடு அந்த வீடமைப்பில்தான் இருக்கிறது.

வீட்டில் அப்பா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அலுவலகத்தில் கேட்பதுபோலவே, ஒன்றும் தெரியாதவளாக ஆரம்பித்தேன்.

"கொள்ளுத்தாத்தா எப்பப்பா செத்தாரு?"

"எங்கப்பா கல்யாணத்துக்கு முன்னாடியே."

"எங்க?"

"தோட்டத்துலதான்."

பதிவின் நகலை வெங்காயத் தோலுக்குப் பக்கத்தில் வைத்தேன். "அப்ப ரெம்பியாவுல செத்தது யாரு?"

அப்பா அதைத் தொடவேயில்லை. "ஊட்டு ஆளுங்களும் உனக்கு ஆபீஸ் கேஸுதானாலா?" என்றார்.

"வீடு கிடைக்கும்னுதான யாரோ ஒருத்தர தாத்தான்னு சொன்னீங்க?"

கத்தியைக் கீழே வைத்துவிட்டார். கண்ணில் தண்ணீர். வெங்காயமா, வேறா என்று அப்போதும் உற்றுத்தான் பார்த்தேன்.

"எங்கப்பாவப் பெத்தவன் வேற ஒருத்திகூட ரெம்பியா பக்கம் ஓடிட்டான். எங்கப்பா அப்ப ஆத்தா இல்லாத தவழ்ற புள்ள. அடுத்த ஊட்டு ஸ்டோர்காரருதான் தூக்கி வளத்தாரு. தோட்டத்து ரப்பர்பால் ஸ்டோர்ல வாளி கழுவுற வேல, ஒண்டிக்கட்ட. ரொட்டிக்காரன் வந்தா ஒரு தேங்கா பன் வாங்கி, பாதிய எங்கப்பாகிட்ட குடுப்பாரு. கல்லறைய மாத்துனப்ப எங்கப்பா படுத்த படுக்கை. 'நம்ம ஆளுன்னு சொல்லு, அவரு அந்தப் பொதுக் குழியில போயிறக் கூடாது'ன்னு அழுதாரு. ஆபீஸ்ல ரத்த சொந்தமான்னு கேட்டாங்க. ஓடிப்போனவன் பேரக் குடுத்து, எங்க தாத்தான்னு சொல்லிட்டேன்."

"சித்தப்பாவுக்குத் தெரியுமா?"

"சொல்லிறாத. ஸ்டோர்காரரு என்ன ஆளுங்கன்னு தெரிஞ்சா அவன் கல்லறப் பக்கமே வரமாட்டான்."

அது சரிதான். அப்பாவின் தம்பியான அவர், இன்றைக்கும் கல்யாணப் பேச்சு வந்தால் "நம்ம ஆளுங்களா?" என்றுதான் முதலில் கேட்பார்.

இவ்வளவு கேட்டும் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. ஒரு காகிதமும் இல்லை, சாட்சியும் இல்லை. அலுவலகமாக இருந்தால் நிராகரித்திருப்பேன். ஆனால் அந்தத் தேங்காய் பன் என்னை விடவில்லை. தீபாவளிக்கு முதல் நாள் செத்தவர்களுக்குப் படையல் போடும்போது, கொள்ளுத்தாத்தாவின் இலையில் எப்போதும் பாதி பன்தான் இருக்கும். தாத்தா இருந்தபோதும் அப்படித்தான். மீதிப் பாதியை அவர் எடுத்துக்கொள்வார், அவருக்குப் பிறகு அப்பா. செத்தவர் பங்கிலும் கைவைக்கிறார்கள் என்று சின்ன வயதிலேயே எனக்குச் சந்தேகம். ஒரு பொய்க்காக யாரும் நான் பிறப்பதற்கு முன்னாலிருந்தே பன்னைப் பிய்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

"சரிப்பா, கல்லுல அவரு பேரையே போட்டுருவோம். என்ன பேரு?"

அப்பா வெங்காயத் தோலை ஒன்றாகக் கூட்டினார்.

"தெரியாது. தோட்டத்துல எல்லாருக்கும் ஸ்டோர்காரரு. எங்கப்பா அவர அப்பான்னுதான் கூப்புடுவாரு. நானும் கேட்டு வைக்கல."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பெற்ற பிள்ளையைப் போட்டுவிட்டு ஓடியவருக்கு முத்திரை குத்திய பதிவு இருக்கிறது. வளர்த்தவரை எந்தப் பெயரில் போய்த் தேடுவேன்? அப்பாமேல் வைத்த சந்தேகத்துக்காக வெட்கமாகவும் இருந்தது.

பத்து பெரண்டாம் ஊரில் கல் வெட்டுகிறவரிடம் ஒரே ஒரு சொல்லை எழுதிக் கொடுத்தேன். "பேரு, தேதி ஒண்ணும் இல்லியாக்கா?" என்றார். இல்லை என்றேன்.

கல் வைத்த அன்று சித்தப்பாவும் வந்தார். மாலையைக் கையில் வைத்துக்கொண்டு கல்லையே பார்த்தார். நடுவில் "அப்பா" என்று மட்டும் இருந்தது.

"தாத்தா பேரு எங்க?"

அப்பா என்னைப் பார்த்தார். அவர் கையில் பாதி பன் இருந்தது.

"எடம் பத்தல சித்தப்பா," என்றேன்.

சித்தப்பா கல்லை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். முக்கால்வாசிக் கல் வெறுமையாகக் கிடந்தது. பிறகு என்னைப் பார்த்தார். நான் மற்றவர்களைப் பார்ப்பேனே, அதே பார்வை. நான் கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் அவர் குனிந்து மாலையைப் போட்டார்.